இலை எந்தப் பக்கம்

நாற்பது கார்டுகளையும் மேசையில் பரப்பிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கார்டின் மூலையிலும் ஒரு குட்டி இலை உண்டு. பாதிக் கார்டுகளில் அது இடப்பக்கம் பார்க்க வேண்டும், பாதியில் வலப்பக்கம். ஆனால் நாற்பதும் வலப்பக்கம் பார்த்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். எழுந்து மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் நாற்பதும் சேர்ந்து இடப்பக்கம் பார்த்தன. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நாங்கள் கார்டு செய்கிறவர்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கொடுப்பது, ஓட்டலில் அறையைத் திறப்பது, துணிக்கடையில் தள்ளுபடிக்கு நீட்டுவது என்று பர்ஸில் செருகுகிற எல்லாமே எங்கள் பட்டறையிலிருந்து போகும். நான் வரைகிறவள். என் வீட்டுக்காரர் அதே இடத்தில் அச்சடிக்கிறவர். அச்சான ஷீட்டுகளை அடுக்கி, சூடான பிரஸ்ஸில் அழுத்தி ஒட்டவைத்து, கார்டு கார்டாக வெட்டித் தருவது வரை அவர் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து வீட்டிலும் அவர் முகம், வேலையிலும் அவர் முகம். கேட்கிறவர்கள் "கொடுத்து வச்சவ" என்பார்கள். என் பொறுமையை எவ்வளவு கொடுத்து வைத்திருக்கிறேன் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

அந்த மனுஷனுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் பட்ட தப்பைத் திருத்தாமல் அவரால் நகர முடியாது. அடுத்தவர் வீட்டுக்குப் போனால் சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நேராக்குவார். மருந்துக்கடைப் பலகையில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் தலைவலி மாத்திரை கேட்பார். திருத்தியதோடு விடுவாரா என்றால் அதுவும் இல்லை. "நான் பாக்கலேன்னா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" என்று நாலு பேரிடம் தண்டோரா போடாமல் அவருக்குச் சோறு இறங்காது.

சோளக் கார்டு என் பைத்தியம். பிளாஸ்டிக் கார்டு சாகாத ஜென்மம். துணிக்கடைக்காக நான் வரைந்த பலூன் படக் கார்டு மூன்றே மாதத்தில் செல்லாமல் போய்விடும். ஆனால் நான் செத்து மண்ணாகி, என் எலும்பும் மண்ணான பிறகும் அந்தப் பலூன் ஏதோ குப்பைமேட்டில் சிரித்துக்கொண்டு கிடக்கும். ஒருநாள் பட்டறைப் பின்பக்கம் கழிவு மூட்டை கிழிந்து, வெட்டிப்போட்ட ஓரங்கள் தெருவெல்லாம் பறந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. சோளத்து மாவுச்சத்திலிருந்து ஷீட் செய்கிறார்கள், அதிலேயே கார்டு போடலாம் என்று கேள்விப்பட்டு இரண்டு வருஷம் முதலாளியின் காதைத் துளைத்தேன்.

"சோளத்துல கார்டா? பசிச்சா கடிச்சுக்கலாமா?" என்று அவர் சிரிப்பார்.

"கடிச்சுப் பாருங்க. இப்ப இருக்கறதைக் கடிச்சா விஷம், அதைக் கடிச்சா வெறும் பல்வலிதான்" என்பேன்.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி எங்களுக்கு வழி திறந்தது. அவர்களுக்கு மண்ணுக்குக் கெடுதல் இல்லாத கார்டு வேண்டுமாம். பேச வந்த மேடம் நல்லவர்தான், ஆனால் அவர் கேட்டதைக் கேட்டு என் மண்டை காய்ந்துவிட்டது.

"அஞ்சு வருஷம் பையில இருந்தாலும் கெடக் கூடாது. குப்பையில போட்டா உடனே மக்கணும்."

"மேடம், தான் பையில இருக்கோமா குப்பையில இருக்கோமான்னு கார்டுக்கு எப்படித் தெரியும்?"

அவர் யோசித்தார். முதலாளி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். குப்பையை மொத்தமாகச் சேர்த்துச் சூடேற்றி மக்கவைக்கிற இடத்தில்தான் இது மக்கும், வீட்டுப் பூந்தொட்டியில் புதைத்தால் சும்மா தூங்கும் என்று விளக்கினேன். மேடம் ஒப்புக்கொண்டார். ஆனால் நிஜ மனிதர்கள் கையில் ஒரு மாதம் இருந்து தாங்குகிறதா என்று முதலில் காட்டச் சொன்னார். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, "இது தேறலேன்னா சோளப் பேச்சை எடுக்கவே கூடாது. பேசாம பலூன் வரையணும்" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

அதனால்தான் இந்த நாற்பது கார்டுகள். எங்கள் பட்டறையில் நாற்பது பேர். எல்லோருக்கும் வாசல் கதவைத் திறக்க ஒரு புதுக் கார்டு கொடுத்தோம். இருபது சோளம், இருபது பழைய பிளாஸ்டிக். யாருக்கு எது என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் சோளக் கார்டைப் பிறந்த குழந்தை போலத் தூக்கித் திரிவார்கள், பரீட்சை வீணாகிவிடும். எண் போட்டு எழுதி வைக்கலாம்தான். ஆனால் எங்கள் ஆபீசில் காலையில் எழுதிய ரகசியம் மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் வாட்ச்மேன் வரைக்கும் போய்விடும். அதனால் படத்துக்குள்ளேயே ஒளித்தேன். சோளத்துக்கு இடப்பக்கம் பார்க்கும் இலை, பிளாஸ்டிக்குக்கு வலப்பக்கம். அது எனக்கும் அச்சடித்த என் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரியும். அச்சானதும் வாட்ச்மேன் அண்ணனே பெட்டியில் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்ததை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். மாதம் முடியும்வரை யார் கார்டையும் உற்றுப் பார்ப்பதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன், என்னுடையதைக்கூட உறையில் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

அந்த ஒரு மாதத்தில்தான் மனிதர்கள் கார்டை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டேன். வேன் டிரைவர் அதைக் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் போட்டு வைத்தார். கணக்குப்பிள்ளை காது குடைந்தார். ஸ்டோர்க்காரர் ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் செருகிவிட்டு, வெளியே போகும்போதெல்லாம் மேசையைத் தூக்கினார். கேன்டீன் அக்கா தோசைக்கல்லில் ஒட்டிப்பிடித்த முட்டையை அதால் சுரண்டினார்.

"அக்கா, அது கதவு திறக்கற கார்டு!"

"கதவும் திறக்குது, முட்டையும் எடுக்குது. நல்லாத்தான் செஞ்சிருக்கே. இது கண்டிப்பா பழைய பிளாஸ்டிக்தான், சோளமா இருந்தா இந்நேரம் பொரிஞ்சிருக்கும்."

முதலாளி மட்டும் தன் கார்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து எடுத்துத் தடவிக்கொண்டிருந்தார். "எனக்கு வந்தது சோளம்தான். கையில எடுத்தா ஒரு இயற்கையான வெதுவெதுப்பு. அது பிளாஸ்டிக்ல வராது" என்பார். அவரிடம் யார் வாதாடுவது?

மாதம் முடிந்து, அவரவர் பெயர் எழுதின சீட்டு ஒட்டிக் கார்டுகள் திரும்பி வந்தன. டிரைவருடையது ஓடு மாதிரி வளைந்திருந்தது. இன்னும் சில லேசாக முறுக்கிக்கொண்டிருந்தன, சிலவற்றில் விரிசல், மிச்சமெல்லாம் அழுக்குதான், மற்றபடி நன்றாகவே இருந்தன. சரி, எது எதுவென்று பார்ப்போம் என்று இலையைத் தேடினால், இந்தக் கூத்து.

முதலில் ஸ்டோர்க்காரரிடம் ஓடினேன். சோள ஷீட்டே அச்சுக்குப் போகவில்லை, நாற்பதும் பழைய பிளாஸ்டிக்தான் என்று நினைத்துவிட்டேன். அவர் ஸ்டோர் நோட்டைக் காட்டினார். அச்சுக்குச் சோள ஷீட் அஞ்சு போயிருக்கிறது. ஒரு ஷீட்டுக்கு நாலு கார்டு, ஆக இருபது. கணக்கு சரி. அப்படியென்றால் மேசையில் கிடக்கும் நாற்பதில் இருபது சோளம் நிச்சயம், ஆனால் எந்த இருபது? வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டேன். அவர் "நான் பெட்டியைக் குலுக்கினேன்மா, இலையைக் குலுக்கல" என்றார். கணக்குப்பிள்ளையைச் சந்தேகப்பட்டேன். ஒரு நிமிஷம் என்னையே சந்தேகப்பட்டேன், இடது வலது எனக்கு எப்போதுமே கொஞ்சம் தகராறுதான்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏங்க, இலையெல்லாம் ஏன் ஒரே பக்கம் பாக்குது?"

"அதுவா? சில ஷீட்ல திரும்பியிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

அங்கிருந்த நாலு பேர் கொல்லென்று சிரித்தார்கள். கணக்குப்பிள்ளைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இவர் வியாதி ஊரறிந்தது ஆயிற்றே. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கையில் கிடைத்த அளவுகோலை எடுத்து மேசையில் அடித்தேன், அது இரண்டாக உடைந்தது.

"அது அடையாளங்க! அடையாளம்! உங்ககிட்டதானே சொன்னேன்?"

"மறந்துட்டேன்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்து எனக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

"இதுல என்ன கஷ்டம்? எது எதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது, அவ்வளவுதானே? நல்லா இருக்கற இருபதைத் தனியா எடு. அதுதான் சோளம்னு மேடத்துகிட்ட சொல்லிடு. வளைஞ்சது, உடைஞ்சது எல்லாம் பழசு. யார் வந்து கேக்கப் போறா?"

ஆசையாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் காத்திருந்தது ஒரே ஒரு பொய்யில் கைக்கு வந்துவிடும். அப்போது என் வீட்டுக்காரர் சொன்னார், "அதுதாங்க நல்லது. அப்படியே செஞ்சிடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. மருந்துக்கடைக்காரரின் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன், பொய்க்கு இவ்வளவு சீக்கிரம் தலையாட்டுகிறாரே? தப்பைத் திருத்தினால் தண்டோரா போடுகிறவர், இலையைத் திருப்பியதை மட்டும் ஒரு மாதமாக ஏன் வாயே திறக்கவில்லை? நாளைக்குச் சொல்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கார்டுகளைப் பையில் அள்ளிக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் இரண்டு முறை வெயிலைப் பற்றிப் பேசினார். வெயிலா இப்போது முக்கியம்? வீட்டுக்குள் வந்து, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"மறந்துபோய்த் திருப்பினீங்களா, தெரிஞ்சே திருப்பினீங்களா?"

அவர் ஒரு செருப்போடு நின்றார். பிறகு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். ஒரு டம்ளர் போதவில்லை போலிருக்கிறது, இன்னொன்றும் குடித்தார்.

"தெரிஞ்சேதான்."

"ஏன்?"

"அச்சடிக்கறதுக்கு முன்னாடி மொத சோள ஷீட்டை வெறுசா பிரஸ்ல விட்டுப் பாத்தேன், நாலு ஓரமும் சுருண்டுச்சு. சூட்டுக்கு ஆகாதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. மறுபடி அழுத்தி நேராக்கினேன். ஒரு மாசம் ஜனங்க கையில இருந்தா தோத்துரும். தோத்துருச்சுன்னு எல்லாரும் உன் முகத்தைப் பாத்துச் சொல்லுவாங்க. ரெண்டு வருஷமா நீ தூங்காம... எனக்கு அதைப் பாக்க முடியாதும்மா. அடையாளம் இல்லேன்னா தோத்துச்சா ஜெயிச்சுச்சான்னே யாருக்கும் தெரியாது. அதான்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த மனுஷனைக் கட்டிக்கொள்வதா, கரண்டியால் அடிப்பதா? என் மேல் இருக்கிற பிரியத்தில் செய்தாராம். பிரியம்தான், அதில் சந்தேகமே இல்லை. அது தெரிந்ததும்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. 'நீங்க' எல்லாம் பறந்துவிட்டது.

"நீ யாரு அதை முடிவு பண்ண? ஷீட் சுருண்டுச்சுன்னு அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏதாவது பண்ணியிருப்பேன்ல? ஊர்ல இருக்கற தப்பையெல்லாம் வாய் ஓயாம சொல்லுவே. என் தப்பை மட்டும் மூடி வெப்பியா? நான் என்ன, தோத்தா செத்தா போயிடுவேன்?"

"நீ அழுவே."

"அழுதா அழறேன்! எனக்கு அழத் தெரியும், மூக்கைச் சிந்திட்டு எந்திரிக்கவும் தெரியும். நான் தோக்கறதை விட, நான் தோப்பேன்னு நீ முன்னாடியே முடிவு பண்ணிட்டே பாரு, அதுதான் என்னால தாங்க முடியல."

சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கியது. அதை நேராக்கக்கூட அவர் கை போகவில்லை. நான் போய்ப் படுத்துக்கொண்டேன், சொன்னபடி அழுதேன்.

காலையில் எழுந்தபோது மனது தெளிவாக இருந்தது. எது சோளம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி எனக்கு நேற்றே தெரியும். கார்டின் மூலையைத் துளி வெட்டிச் சூடான தண்ணீரில் போட வேண்டும். கொதிக்கக் கூடாது, விரல் வைத்தால் 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொள்கிற சூடு போதும். அந்தச் சூட்டில் சோளம் துவண்டுவிடும், பழைய பிளாஸ்டிக் அசையாது. மேடத்திடம் கார்டுகளை முழுசாகக் காட்ட வேண்டும், வெட்டக் கூடாது என்று நேற்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் எனக்குப் பயம். பதில் தெரிந்துவிடுமே என்ற பயம்.

கேன்டீனில் அக்காவிடம் ஒரு சட்டி தண்ணீர் சுட வைக்கச் சொன்னேன். கத்தரிக்கோலை எடுத்தேன். டீ குடிக்க வந்தவர்கள் டீயோடு சுற்றி நின்றுவிட்டார்கள். வேடிக்கை என்றால் எங்கள் ஆட்களுக்கு வேலை மறந்துவிடும். முதலாளி ஓடி வந்து, "வெட்டாதே, வெட்டாதே, நான் சொன்ன வழிதான் நல்ல வழி" என்றார்.

"ஆஸ்பத்திரிக் கார்டுங்க. சீக்காளி அதை வேன்ல வெச்சிட்டு வந்து, கதவுகிட்ட நின்னு, வளைஞ்ச கார்டை நீட்டுவாரு. அப்ப நாம சொன்ன பொய் வந்து கதவைத் திறக்குமா?" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். அவர் வாயை அடைக்க இதுதான் சமயம் என்று, "முதல்ல உங்க கார்டையே வெட்டறேன்" என்றேன்.

முதலாளியின் மூலைத் துண்டு தண்ணீருக்குள் போய்க் கம்பீரமாகப் படுத்துக்கொண்டது. எடுத்து வளைத்தேன், வளையவில்லை. பழைய பிளாஸ்டிக். அந்த இயற்கையான வெதுவெதுப்பு எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேன்டீன் அக்கா மட்டும் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

டிரைவருடையது விழுந்தவுடனே துவண்டது. முறுக்கிக்கொண்டிருந்த கார்டுகள் ஒவ்வொன்றாகத் துவண்டன. துவண்டதை எல்லாம் ஒரு தட்டில் ஒதுக்கினேன். விரிசல் விட்டவை பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக்காக இருந்தன என்பது ஒரு சின்ன ஆறுதல். என் வீட்டுக்காரர் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாற்பதும் முடிந்தன. துவண்ட துண்டுகளை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன்.

பதினாறு.

"இருபது இருக்கணுமே. நாலு எங்கே?"

"தண்ணி ஆறிடுச்சோ?" என்றார் வாட்ச்மேன் அண்ணன். திரும்பச் சூடாக்கி, துவளாத துண்டுகளை எல்லாம் மறுபடி போட்டோம். ஒன்றும் அசையவில்லை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற மாதிரி, நேற்று இலையைக் காணோம், இன்றைக்குக் கார்டையே காணோம். சோளமாக இருந்தால் துவள வேண்டும். துவளவில்லை என்றால் சோளம் இல்லை. ஆனால் ஸ்டோரிலிருந்து சோள ஷீட் அஞ்சு போயிருக்கிறதே! நான் சட்டியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு ஷீட்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. என் வீட்டுக்காரர். எல்லோரும் திரும்பினார்கள்.

"நாலு கார்டுன்னா ஒரு ஷீட். கடைசி சோள ஷீட் பிரஸ்ல இருக்கறப்ப கரண்ட் போயிடுச்சு. சரி, சாப்பிட்டு வரலாம்னு விட்டுட்டுப் போனேன். திரும்பி வந்து பாத்தா கரண்ட் வரவேயில்லை. சாயங்காலம் வரைக்கும் அது பிரஸ்ஸுக்குள்ளயே கிடந்து, பிரஸ்ஸோடயே மெதுவா ஆறிச்சு. எடுத்தப்ப மேல பளபளப்பு போய் லேசா மங்கலா இருந்துச்சு. கழிவுல போடவேண்டிய ஷீட்தான்."

"ஏன் போடல?" என்றேன். அவரிடம் அன்றைக்குப் பேசிய முதல் வார்த்தை.

"இலையே மாத்தியாச்சு, இனிமே எது எப்படி இருந்தா என்னன்னு வெட்டிக் கலந்துட்டேன்."

துவளாத கார்டுகளை வரிசையாக வைத்து, குனிந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நான்கு கார்டுகள் மட்டும் மங்கல். அதில் ஒன்று கேன்டீன் அக்காவுடையது. சுரண்டிச் சுரண்டி மங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன். மற்ற மூன்றையும் யாரும் சுரண்டவில்லை. அந்த நான்கின் மூலைத் துண்டுகளையும் இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினேன். பழைய பிளாஸ்டிக் எரிந்தால் மூக்கைப் பிய்க்கும் நெடி வரும், எங்கள் பட்டறையில் அது தெரியாதவர் கிடையாது. இதில் அந்த நெடி இல்லை. சீனி தீய்ந்த மாதிரி ஒரு லேசான வாசனை, அவ்வளவுதான்.

சோளம். மெதுவாக ஆறினால் சூட்டைத் தாங்கக் கற்றுக்கொள்கிற சோளம். நாங்கள் எப்போதும் செய்வது போலச் அழுத்தின கையோடு பிரஸ்ஸைக் குளிரவைத்து, அவசர அவசரமாக வெளியே இழுத்ததில்தான் மற்ற பதினாறும் தோற்றிருக்கின்றன.

"அட, என் கார்டா சோளம்? ஒரு மாசமா முட்டை சுரண்டியிருக்கேனே!" என்று அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார். "கைராசிய்யா உனக்கு! கரண்ட் போனாலும் காரியம் நடக்குது பாரு. மேடத்துகிட்ட இவரைத்தான் நிறுத்தணும். இவர்தான் கண்டுபிடிச்சாரு!"

எனக்கு உள்ளே என்னவோ அறுந்தது. இரண்டு வருஷம் நான், ஒரு மத்தியானச் சாப்பாடு அவர். ஜெயித்த சந்தோஷமே வரவில்லை.

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கலைங்க" என்றார் என் வீட்டுக்காரர். "இலையை நான் மறந்துபோய்த் திருப்பல. இவ கார்டு தோத்துரும்னு நினைச்சு, வேணும்னே திருப்பினேன். கெட்டுப்போன ஷீட்டையும் தெரிஞ்சே உள்ள விட்டேன். நான் ரெண்டு தப்புப் பண்ணினேன். இவ பயந்துகிட்டே உக்காந்து நாற்பதையும் வெட்டிப் பாத்தா. வெட்டலேன்னா இந்த நாலும் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். மேடத்துகிட்ட இவதான் பேசணும்."

தன் அச்சில் ஒரு புள்ளி பிசகினாலும் மூன்று நாள் சாப்பிடாத மனுஷன், இத்தனை பேர் முன்னால் தன் தப்பை அவராகவே சொன்னார். மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் அதுதான் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது சரியாகத் தெரியாது.

முதலாளியிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மேடத்திடம் பதினாறு தோற்றதையும் சொல்ல வேண்டும், நாலு நின்றதையும் சொல்ல வேண்டும், இன்னொரு மாதம் கேட்க வேண்டும். அவர் முனகினார், தலையைச் சொறிந்தார், பிறகு "சரி, பேசு" என்றார். மேடத்துக்கு நானே போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னொரு மாசம்தான், அதுக்கு மேல கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நான் பிரஸ் அறைக்குப் போனேன். மிச்சம் வாங்கி வைத்திருந்த சோள ஷீட்டில் ஒன்றை நானே அடுக்கினேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை. இரண்டு முறை கோணலாக வைத்து, எடுத்து, மறுபடி வைத்தேன். சூட்டை ஏற்றி, அழுத்தி, பிறகு மின்சாரத்தை அணைத்தேன். இனி அது ஆறும்வரை காத்திருப்பதுதான் வேலை. கரண்ட் போன அன்றைக்கு நடந்தது நாம் அணைத்தாலும் நடக்குமா, அல்லது அன்றைக்கு வேறு ஏதாவது சேர்ந்துகொண்டதா, எனக்கு ஒன்றும் நிச்சயமில்லை.

கதவுக்கு வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நான் கோணலாக அடுக்கியதை எல்லாம் பார்த்திருப்பார், கை துறுதுறுத்திருக்கும். ஆனாலும் உள்ளே வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. கால் மாற்றி மாற்றி நின்றதைப் பார்த்தால் எனக்கே பாவமாகிவிட்டது.

கதவைத் திறந்தேன். "உள்ள வாங்க. எதையும் தொடாதீங்க."

வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பிரஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓரம் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க. சொல்லலாம். தொடத்தான் கூடாது."

"ஓரம் கொஞ்சம் வெளிய நிக்குது. சுருளும்."

"சரி. அடுத்ததுல பாத்துக்கறேன்."

அவர் தலையாட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இதுவும் தோத்துட்டா?"

"தோத்தா நான் தோக்கறேன். நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க, போதும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்தார்.